அறுப்புக் கூலியும் ஆறு மாதக் கணக்கும்

சந்திரமோகன் ஆரணியிலிருந்து வேலூருக்குப் பஸ் ஏறினால், கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் வீட்டுக்குப் போன் செய்துவிடுவார். காஸ் மூடியிருக்கிறதா, தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறதா, தறிக்கு மேலே ஓடு ஒழுகுகிறதா என்று ஏதாவது ஒரு கவலை. மனைவி அபிதகுசாம்பாள் போனை எடுத்தால் ஹலோ சொல்வதில்லை. "மூடிட்டேன்" என்பாள். எதை என்று அவரும் கேட்பதில்லை.

ஐம்பத்தாறு வயது. வீட்டில் இரண்டு பட்டுத் தறி. ஒன்றில் பட்டுக் கடைக்காரர் கூலிக்கு நெய்யக் கொடுத்த பாவு நூல், இன்னொன்றில் சொந்தப் பாவு. நெசவாளர் சங்கத்தில் உறுப்பினர். கூட்டத்தில் எந்தத் தீர்மானத்துக்கும் எதிராகக் கை தூக்கியதில்லை. ஆதரவாகத் தூக்குவதும் கடைசியில்தான், மற்றவர்கள் தூக்கிவிட்டார்களா என்று சுற்றிப் பார்த்துக்கொண்டு. அப்படிப்பட்டவர் வீட்டு மாடியறையில் ஒரு வெளிநாட்டுப் பெண் தங்கினாள் என்றால் தெரு நம்பவில்லை.

அவளை அழைத்துவந்தது சுகன்யா, அபிதகுசாம்பாளின் அக்கா மகள். சென்னையில் துணிகளுக்கு டிசைன் போடுகிறவள். வந்தவள் போர்த்துகல்காரி, பெயர் இனேஷ். தன் ஊரில் கைத்தறியில் லினன் நெய்கிறவள். பட்டு நெய்வதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் சுற்றுலா விசாவில் வந்தாள். தறிக்குழியில் கால் வைத்து, மிதியை ஒரு முறை அழுத்தியதும் முகம் மலர்ந்துவிட்டது. சுகன்யா மட்டும் சென்னை திரும்பினாள். இனேஷ் தங்கிவிட்டாள். சுகன்யா கூப்பிடுவதைக் கேட்டு அவளும் இவர்களைச் சித்தி, சித்தப்பா என்றே கூப்பிட ஆரம்பித்தாள்.

"பொம்பளைக்குக் கணேஷ்னு பேரு வப்பாங்களா அவங்க ஊர்ல?" என்று எதிர்வீட்டுத் துர்கா கேட்டாள். கணேஷ் இல்லை, இனேஷ் என்று அபிதகுசாம்பாள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். தெருவில் பாதிப் பேருக்கு அவள் கடைசிவரை கணேஷ்தான்.

வெளிநாட்டவர் ஒரு வீட்டில் தங்கினால் வீட்டுக்காரர் உடனே ஆன்லைனில் சி படிவம் பதிய வேண்டும். இது தெருவில் யாருக்கும் தெரியாது. சந்திரமோகனுக்கு மட்டும் தெரிந்திருந்தது. சுகன்யா பையை இறக்கிவைப்பதற்குள் இனேஷின் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு கிரணின் பிரவுசிங் சென்டருக்குப் போனார். பதிந்தார், அச்செடுத்தார், காவல் நிலையத்துக்கும் போய் ஒரு நகலை நீட்டினார். "நான் இன்னா பண்றது இத வச்சிகினு?" என்று ஏட்டு கேட்டாராம். "இருக்கட்டும் சார்" என்று மேஜை மேல் வைத்துவிட்டு வந்தார். வந்த பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கியது.

அப்படி எல்லாப் பக்கமும் அடைத்துவைத்த மனிதர், அடைக்காமல் விட்டது தன் வீட்டுப் பழக்கம் ஒன்றை.

சொந்தப் பாவில் இனேஷ் ஒரு முழுச் சேலை நெய்தாள். சில இடங்களில் குறுக்கே ஓடும் ஊடை நூல் தளர்ந்திருந்தது, சில இடங்களில் இறுகியிருந்தது. ஒரு பக்கக் கரை நெளிந்து நெளிந்து போயிருந்தது. ஆனாலும் தொடக்கம் முதல் முந்திவரை அவள் நெய்ததுதான். தறியிலிருந்து சேலையை அவளே அறுத்தாள். அந்த வீட்டில் சேலை அறுத்த கை வெறுங்கையாக எழுந்திருக்கக் கூடாது. கூலிக்கு நெய்பவரோ, பெற்ற மகளோ, யாராக இருந்தாலும் அறுப்புக் கூலி தட்டில் வைத்து வரும். மகள் ஜெய்ப்பூருக்குக் கட்டிக்கொண்டு போவதற்கு முன்பு அறுத்த சேலைக்கும் வந்தது. அபிதகுசாம்பாள் வெற்றிலை, மஞ்சளோடு கூலியை ஒரு கவரில் போட்டு நீட்டினாள். இனேஷ் கையை ஆட்டி மறுத்தாள்.

"வேணான்னு சொல்லாத. தறிக்கு ஆகாது" என்றாள் அபிதகுசாம்பாள்.

இனேஷ் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். சந்திரமோகன் பக்கத்தில்தான் நின்றிருந்தார். சிரித்துக்கொண்டும் இருந்தார். காற்றில் கதவு ஆடினால்கூடப் பயப்படுகிறவர், அன்று பயப்படவில்லை.

அடுத்த வாரம் இனேஷின் ஏடிஎம் அட்டை வேலை செய்யவில்லை. ஊர் பெயர் தெரியாத இடத்தில் அட்டை அடிக்கடி உபயோகமாகிறது என்று அவளுடைய வங்கியே முடக்கிவிட்டது. புது அட்டை லிஸ்பன் வீட்டுக்குத்தான் போகுமாம். அவள் அம்மா பணம் அனுப்பத் தயார். அனுப்பினால் இங்கே எந்தக் கணக்கில் வந்து விழும்? ஆரணியில் பூ விற்பவர்கூட ஸ்கேன் அட்டையைத்தான் நீட்டுகிறார். ஒரு முழம் பூ வாங்கவும், பஸ்ஸுக்குச் சில்லறைக்கும் அவள் இவர்களைக் கேட்க வேண்டியிருந்தது. கேட்கும்போது அவள் முகம் தரையைப் பார்க்கும். அதை அபிதகுசாம்பாளால் பார்க்க முடியவில்லை.

சுற்றுலா வந்தவளுக்கு நம் ஊரில் கணக்குத் திறப்பார்களா? கிரண் திறக்க மாட்டார்கள் என்றான். சுகன்யா சென்னையில் விசாரித்து, திறப்பார்கள் என்றாள். தற்காலிகக் கணக்கு, ஆறு மாதத்துக்கு மேல் இருக்காது, தங்கியிருக்கும் வீட்டுக்காரர் முகவரிக் கடிதம் தர வேண்டும். வீட்டுக்காரர் என்ற சொல்லைக் கேட்டதும் சந்திரமோகன், அது தான்தானா என்று சுகன்யாவிடம் மறுபடி கேட்டார். ஆனாலும் கடிதம் எழுதினார், இரண்டு தரம் அடித்து எழுதினார்.

திங்கட்கிழமை வங்கியில் கூட்டம் நெரிந்தது. நகைக் கடன் வரிசை கதவுவரை வந்திருந்தது. உதவி மேலாளர் ஜெயப்ரியா, வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, சட்டென்று பேசுகிற பெண். சந்திரமோகன் சனிக்கிழமையே வந்து விசாரித்திருந்ததால் சுற்றறிக்கையைத் தேடி வைத்திருந்தாள். அவள் ஒவ்வொன்றாகக் கேட்க, சந்திரமோகன் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பாஸ்போர்ட், விசா, சி படிவ ரசீது, முகவரிக் கடிதம், அவருடைய ஆதார். எல்லாவற்றுக்கும் நகல், நகலுக்கும் நகல்.

"எல்லாரும் இப்படி வந்தா எனக்கு வேலையே இருக்காது சார்" என்றாள் ஜெயப்ரியா.

சந்திரமோகன் நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தார். அதுவரை விளிம்பில்தான் உட்கார்ந்திருந்தார்.

இந்தக் கணக்கில் ஒரு விதி உண்டு என்று ஜெயப்ரியா சொன்னாள். வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தைப் போடலாம். கையில் கொண்டுவந்த அயல்நாட்டு நோட்டை மாற்றிப் போடலாம். இங்கே சம்பாதித்த ரூபாயை மட்டும் போடக் கூடாது. சொல்லிவிட்டு, முதலில் எந்தப் பணத்தைப் போடப் போகிறாய் என்று இனேஷிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்.

முன்னே பேசியது தமிழில். வேகமான தமிழ். இனேஷுக்கு அது பிடிபடவில்லை. கடைசிக் கேள்வி மட்டும் புரிந்தது. வங்கிக்கென்று முன்தினம் முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம் அவளிடம் இருந்தது. பையிலிருந்து மஞ்சள் கறை படிந்த கவரை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"இது என் கூலி. நான் சேலை நெய்தேன். சித்தப்பா கூலி குடுத்தாங்க."

"இன்னா அழகா பேசுது பாரு" என்றாள் நகைக் கடன் வரிசையில் நின்ற ஓர் அம்மாள்.

ஜெயப்ரியாவின் பேனா நின்றது. அவள் கவரைத் தொடவில்லை. இனேஷைப் பார்த்தாள், பிறகு சந்திரமோகனைப் பார்த்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"சார், டூரிஸ்ட் விசால வந்தவங்க கூலிக்கு வேலை செய்யக் கூடாது. தெரிஞ்சா அவங்கள அனுப்பிடுவாங்க. வேலை குடுத்தவங்களுக்கும் சிக்கல்."

"வேலையெல்லாம் குடுக்கலீங்க மேடம்."

"கூலி குடுத்தீங்களே."

சந்திரமோகன் பையின் வாயை இழுத்து மூடினார்.

"நான் காதுல வாங்கிட்டேன். வாங்காத மாதிரி எழுத முடியாது. மேனேஜர் வேலூர்ல மீட்டிங். சாயந்தரம் வருவாரு. அவரு சொல்றதுதான்" என்று ஜெயப்ரியா காகிதங்களை ஒன்றாகச் சேர்த்து கிளிப் போட்டாள். அதில் சந்திரமோகனின் ஆதார் நகலும் இருந்தது. திருப்பிக் கேட்கலாமா என்று நினைத்தார். கேட்டால் இன்னும் சந்தேகப்படுவார்களோ என்று எழுந்துவிட்டார்.

வெளியே வெயில். என்ன ஆயிற்று என்று இனேஷ் கேட்டாள். தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் "கூலி, நோ. டூரிஸ்ட், நோ கூலி" என்றார். முதலில் அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்தினாள். மீண்டும் வர முடியாமல் போகுமா என்று கேட்டாள். அடுத்த வருடம் தன் ஆசிரியையோடு வருவதாகச் சித்தியிடம் சொல்லிவைத்திருந்தாள் அவள். அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதை எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நேராகக் கோர்ட் பக்கம் போனார். அங்கே ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கும் அன்பழகன் அவருடன் பள்ளியில் படித்தவன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அன்பழகன் டீக் கிளாஸைக் கீழே வைத்தான். ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும் என்றான்.

"அன்பளிப்புன்னு சொல்லு. கூலின்னா நீ முதலாளி. அன்பளிப்புன்னா நீ வெறும் சித்தப்பா. முதலாளியதான் புடிப்பாங்க, சித்தப்பாவ எவன் புடிக்கப்போறான்?"

வழியெல்லாம் அந்தச் சொல்லை வாய்க்குள் உருட்டிக்கொண்டே வந்தார். அன்பளிப்பு. அன்பளிப்பு சார். எதிரே ஒரு போலீஸ் பைக் வந்தது. நின்று, அது தாண்டிப் போகும்வரை ஒரு ஜவுளிக்கடைப் பெயர்ப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார்.

வீட்டு வாசலில் துர்கா நின்றுகொண்டிருந்தாள். வங்கி வரிசையில் நின்றவர்கள் யாரோ பேசியிருக்க வேண்டும்.

"இன்னாண்ணா, கணேஷப் புடிச்சிகினு பூட்டாங்களாமே?"

உள்ளே கூடத்தில் இனேஷ் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். துர்கா எட்டிப் பார்த்தாள். "உட்டுட்டாங்களா?" என்று கேட்டாள்.

அபிதகுசாம்பாள் எல்லாவற்றையும் இனேஷிடமே அரைகுறையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். கணவர் சொன்னதையும் பொறுமையாகக் கேட்டாள். அன்பளிப்பு என்ற சொல் வந்ததும் பொறுமை போய்விட்டது.

"இன்னாங்க அன்பளிப்பு? அது குழில குந்திகினு இடுப்பு ஒடிய நெய்ஞ்சிது. நாம குடுத்தது கூலி. இத அன்பளிப்புன்னா, கடைக்காரன் நம்மளுக்குக் குடுக்கறதும் அன்பளிப்புதான். நாளைக்கு அவன் தோணுனா குடுப்பான், தோணலன்னா உட்ருவான். ஒத்துக்குவியா?"

"பொண்ண அனுப்பிட்டா இன்னா பண்ணுவ?"

அபிதகுசாம்பாள் இனேஷ் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பாத்திரம் கழுவும் சத்தம் வழக்கத்தைவிடப் பெரிதாகக் கேட்டது.

மதியம் முழுக்க ஒரு தறிதான் ஓடியது. இனேஷின் இரண்டாம் சேலை பாதி நெய்தபடி நின்றிருந்த தறிக்குப் பக்கத்தில் போய் உட்கார அவளுக்குத் துணிவில்லை. மாடிக்குப் போய்ப் பையில் துணிகளை மடித்து வைத்தாள். சந்திரமோகன் படிக்கட்டில் பாதிவரை ஏறி, அதைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் இறங்கினார். தன்னைப் பற்றிய பயம் ஒரு பக்கம். இந்தப் பெண் எதுவும் தெரியாமல் தன் வீட்டு வழக்கத்தால் மாட்டிக்கொண்டாள் என்பது இன்னொரு பக்கம். இரண்டில் எது பெரிது என்று அவரால் பிரிக்க முடியவில்லை.

சாயங்காலம் மூவரும் போனார்கள். வர வேண்டாம் என்று சொல்லியும் அபிதகுசாம்பாள் வந்தாள்.

மேலாளர் ராஜவேலு வேலூரிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். சட்டையில் பஸ் கசங்கல் இருந்தது. ஜெயப்ரியா விஷயத்தைச் சொல்லியிருந்தாள். கவர் இனேஷின் மடியில் இருந்தது. ராஜவேலு அதைப் பார்த்தார், சந்திரமோகனைப் பார்த்தார்.

"நீங்க இவங்களுக்குக் குடுத்தது என்ன?"

சொல் தயாராகத்தான் இருந்தது. வாயைத் திறந்தார். இனேஷ் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூலிதான் சார்."

சொன்ன பிறகுதான் சொன்னதே அவருக்குக் கேட்டது.  நிறுத்தினால் இனிப் பேச வராது என்று மேலே பேசினார். "வேலைக்கு வைக்கல சார். அதுவா நெய்ஞ்சிது, ஆசைக்கு. எங்க வீட்ல சேலை அறுத்தா கூலி குடுக்காம எழுப்பறதில்ல. என் பொண்ணு அறுத்தப்பவும் குடுத்தேன். இது வெளிநாடு, இதுக்கு விசா, இதெல்லாம் அந்த நேரத்துல தோணல. தப்பு என்னுதுதான். பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது."

"பெத்த பொண்ணுக்கே கூலியா?"

"அறுத்தா குடுக்கணும் சார்" என்றாள் அபிதகுசாம்பாள் காலண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ராஜவேலு நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். அந்தச் சேலையை விற்றீர்களா என்று கேட்டார்.

"யாரு சார் வாங்குவாங்க அத?" என்றார் சந்திரமோகன்.

ஜெயப்ரியா அதை மொழிபெயர்த்தாள். இனேஷ் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கரை மட்டும்தான் நெளிசல், உடல் நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். இவ்வளவு நேரமும் அழுகிற மாதிரி இருந்தவளுக்கு அந்த ஒன்றில்தான் ரோஷம் வந்தது. ராஜவேலுவுக்குச் சிரிப்பு வந்ததோ என்னவோ, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

துடைத்து மாட்டிக்கொண்டு சொன்னார். விசா விஷயத்தில் தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. கணக்கு விதிதான் என் வேலை. விற்காத சேலைக்கு வீட்டு வழக்கப்படி ஒரு தடவை கொடுத்ததை வேலைக்கு வைத்ததாக நான் எழுதப் போவதில்லை. அந்தக் கவர் என் கவுண்டரைத் தாண்டி வரக் கூடாது. அவளுடைய அம்மா அனுப்பும் பணத்தில் கணக்கைத் திறந்துகொள்ளட்டும்.

சந்திரமோகன் எழுந்து கும்பிட்டார்.

"குந்துங்க, முடிக்கல. இன்னொரு தடவ கூலி குடுத்தீங்கன்னு என் காதுக்கு வந்துச்சு, அப்ப அது வழக்கம் கெடையாது, வேலை. கணக்க மூடிட்டு மேல எழுதி அனுப்பிடுவேன். இந்த ஊர்ல எதுவும் என் காதுக்கு வராம போகாது."

மகிழ்ச்சி வங்கிப் படிக்கட்டுவரைதான் நீடித்தது. கடைசிப் படியில் சந்திரமோகன் நின்றுவிட்டார்.

"அபிதா, தறில ரெண்டாவது சேலை கீதே."

"ஆமா."

"முடிச்சா பொண்ணு அறுக்கும்."

"அறுத்தா குடுக்கணும்."

"குடுத்தா கணக்கும் பூடும், பொண்ணும் பூடும்."

அபிதகுசாம்பாள் தெருவைக் கடந்து, பூக்காரரிடம் பேரம் பேசி, வாங்கி, தலையில் வைத்துக்கொண்ட பிறகுதான் பதில் சொன்னாள். "அப்ப அது அறுக்க வேணாம்."

கணக்குத் திறந்தாயிற்று. லிஸ்பனிலிருந்து பணம் வந்து சேர்ந்தது. இனேஷ் பூவுக்கும் வாழைப்பழத்துக்கும் தானே போனை நீட்டிப் பணம் கொடுத்தாள். ஒலிபெருக்கிப் பெட்டி தொகையைச் சொல்லும்போதெல்லாம் கடைக்காரரைவிட அவள் அதிகம் சந்தோஷப்பட்டாள். காலையும் மாலையும் தறியில் உட்கார்ந்தாள். இந்த முறை கரை நேராக வந்தது.

சேலை வளர வளர சந்திரமோகனுக்குத்தான் தூக்கம் குறைந்தது. ஜெயப்ரியாவின் சேலை கடைவீதியில் தூரத்தில் தெரிந்தால்கூட வேறு சந்தில் திரும்பினார். முந்தி தொடங்கியதிலிருந்து வெளியே போகவேயில்லை. பாவுக் கணக்குச் சொல்லக் கடைக்காரர் கூப்பிட்டதற்கும் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினார். தறிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நெய்தது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே இருந்தார். இனேஷுக்கு எல்லாவற்றையும் சுகன்யா போனில் விளக்கியிருந்தாள். ஆனாலும் அவர் கத்தரியை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்.

முந்தியில் ஒரு சாண் மிச்சமிருக்கும்போது இனேஷ் ஊடை நூல் ஓட்டும் நாடாவைக் கீழே வைத்தாள். நெய்த இடத்தைக் கையால் ஒரு முறை தடவினாள். குழியிலிருந்து எழுந்து ஓரமாக நின்றாள். அபிதகுசாம்பாள் இறங்கி உட்கார்ந்து அந்த ஒரு சாணை நெய்தாள். அவசரப்படவில்லை. முடித்துவிட்டு, கத்தரி எங்கே என்று கேட்டாள். அவர் சாவியைத் தேடிக் கொண்டுவர நேரமாயிற்று.

அறுத்தாள். சேலையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, கணவரைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"இன்னா நின்னுகினே கீற? அறுத்தது நானு. கூலி வை."

அவர் தட்டில் வெற்றிலை, மஞ்சளோடு கூலியை வைத்துக் கொடுத்தார். முழுச் சேலைக்கான கூலி. அவள் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இடுப்பில் செருகுவாள் என்று அவர் நினைத்தார். அவள் இனேஷ் பக்கம் திரும்பி நீட்டினாள்.

"இது என் துட்டு. நான் சம்பாரிச்சிது. யாருக்கு வேணா குடுப்பேன்."

 சந்திரமோகன் முன்பக்கம் போய், எதிர்வீட்டு வாசலில் துர்கா இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு, தெருக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.